பல்தொடக்க வட்டு: பழைய இயங்குதளங்களை நிறுவும்போது வரும் சிக்கல்களும் தீர்வுகளும்

பல்தொடக்க வட்டு என்பது ஒன்றுக்கு மேற்பட்ட இயங்குதளங்களின் நிறுவல் கோப்புகளைக் கொண்டு, கணினி தொடங்கும்போது எதை நிறுவுவது என்று கேட்கும் பட்டியலைக் காட்டும் குறுவட்டு அல்லது டிவிடி ஆகும். பேச்சு வழக்கில் இது மல்டிபூட் டிஸ்க் என்றும் ஆல் இன் ஒன் டிவிடி என்றும் வழங்குகிறது. விண்டோஸ் 98, விண்டோஸ் 2000, விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7, ஏதேனும் ஒரு லினக்ஸ் வெளியீடு ஆகியவற்றுள் சிலவற்றை ஒரே வட்டில் சேர்த்து வைப்பது இதன் வழக்கமான அமைப்பு.

இந்த வட்டு பாதியில் நின்றுவிட்டால் வட்டு கெட்டுவிட்டது என்றோ கணினி பழுது என்றோ முடிவு செய்வது இயல்பு. ஆனால் இயங்குதளம் தொடங்குவது பல படிகள் கொண்ட ஒரு தொடர் வேலை. எந்தப் படியில் நின்றது என்பதைத் திரையில் வரும் செய்தியைக் கொண்டே பெரும்பாலும் அறியலாம். அந்தப் படியை மட்டும் சரிசெய்தால் போதும். இதை அறியாமல் வன்தட்டை மீண்டும் மீண்டும் அழித்து முயல்வதால்தான் பலருடைய கோப்புகள் பறிபோகின்றன.

தமிழ்நாட்டில் இதன் தேவை

தமிழ்நாட்டில் பழைய இயங்குதளங்களை நாடுவதற்கு இரண்டு காரணங்கள் முதன்மையானவை.

முதலாவது, பழைய தமிழ் ஆவணங்கள். ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழில் டிஸ்கி, டாம், டாப் முதலிய பல குறியாக்கங்கள் வழக்கில் இருந்தன. விண்டோஸ் வரிசையில் தமிழ் ஒருங்குறியை முதலில் ஏற்றது விண்டோஸ் 2000. தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது 2010-இல். அதற்கு முந்தைய மலர்கள், நூல்கள், அழைப்பிதழ்கள், அலுவலகக் கடிதங்கள் பல பழைய எழுத்துருக்களில், குறிப்பாகப் பேஜ்மேக்கர் கோப்புகளாக இன்றும் கிடக்கின்றன. பேஜ்மேக்கரின் கடைசி முதன்மைப் பதிப்பான 7, 2001-இல் வெளிவந்தது. சில எழுத்துரு மென்பொருள்கள் பிரின்டர் போர்ட்டில் செருகும் டாங்கிள் என்ற பூட்டுடன் விற்கப்பட்டன. அத்தகைய மென்பொருளைத் திறக்கப் பழைய கணினியும் பழைய இயங்குதளமும் தேவைப்படலாம்.

இரண்டாவது, அரசின் விலையில்லா மடிக்கணினிகள். 2011-இல் தொடங்கிய இத்திட்டத்தில் எல்காட் நிறுவனம் வழியாகக் கொள்முதல் செய்யப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இரட்டைத் தொடக்கமாக நிறுவித் தரப்பட்டன. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இந்திய லினக்ஸ் வெளியீடு. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் மணப்பாறைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே உள்ள வையம்பட்டி போன்ற ஒன்றியத் தலைமையிடங்களைச் சுற்றிய சிற்றூர்களில், வீட்டுக்கு வந்த முதல் கணினி இதுவாகவே இருந்த குடும்பங்கள் உண்டு. பழுது பார்க்க நகரத்துக்குச் செல்ல வேண்டிய இடங்களில், அக்கம்பக்கத்து மாணவரும் அவரிடமுள்ள ஒரு மல்டிபூட் டிவிடியுமே பழுதுபார்ப்பு நிலையமாகிவிடுகின்றன. கல்லூரிச் செய்முறைப் பதிவேடும் குடும்பப் படங்களும் அதே வன்தட்டில்தான் இருக்கும். ஆகவே தவறான இடத்தில் ஓர் என்டர் விசை அழுத்தினாலும் இழப்பு பெரிது.

வட்டிலிருந்து கணினி தொடங்கும் முறை

குறுவட்டிலிருந்து கணினியைத் தொடங்குவதற்கான விதிமுறையை ஃபீனிக்ஸ், ஐபிஎம் நிறுவனங்கள் 1995 ஜனவரியில் வெளியிட்டன. அதன் பெயர் எல் டொரிட்டோ. அதன்படி நடப்பவை:

1. பயாஸ் வட்டின் 17-ஆம் பகுதியைப் படிக்கிறது. ஒவ்வொரு பகுதியும் 2048 பைட் அளவுடையது. தொடக்க அட்டவணை எங்கே இருக்கிறது என்ற குறிப்பு அங்கே இருக்கும்.
2. அந்த அட்டவணை காட்டும் சிறு நிரலைப் பயாஸ் நினைவகத்தில் ஏற்றுகிறது. பல்தொடக்க வட்டில் இந்த நிரல்தான் பட்டியலைக் காட்டும் பூட் லோடர். ஐஎஸ்ஓலினக்ஸ், கிரப்4டாஸ், சிடி ஷெல் ஆகியவை இவ்வகையின.
3. பயனர் தேர்ந்தெடுத்ததும், பூட் லோடர் அந்த இயங்குதளத்தின் சொந்தத் தொடக்க நிரலுக்குப் பொறுப்பை மாற்றுகிறது.
4. அந்த நிரல் பயாஸின் உதவியோடு வட்டைப் படித்து, கெர்னலையும் டிரைவர்களையும் நினைவகத்தில் ஏற்றுகிறது.
5. கெர்னல் இயங்கத் தொடங்கியதும் பயாஸின் உதவி நின்றுபோகிறது. இனி டிவிடி டிரைவையும் வன்தட்டையும் இயங்குதளம் தன் சொந்த டிரைவரைக் கொண்டே காண வேண்டும்.

நான்காம் படியிலிருந்து ஐந்தாம் படிக்கு மாறும் இடமே பழைய இயங்குதளங்களுக்குப் பெரிய தடை. இதே வட்டிலிருந்து தொடங்கிய நிறுவல், சற்று நேரத்தில் வட்டைக் காணோம் என்று சொல்வது முரணாகத் தோன்றும். அதுவரை வட்டைப் படித்தது பயாஸ். இப்போது தேடுவது இயங்குதளம். 2001-இல் வெளிவந்த இயங்குதளத்துக்கு 2010-இல் செய்த கணினியின் டிரைவரைத் தெரியாது. சிக்கல் அவ்வளவுதான்.

பழுது தேடத் தொடங்குமுன்

- முக்கியக் கோப்புகளை வேறொரு வன்தட்டுக்கோ பென் டிரைவுக்கோ நகல் எடுக்க வேண்டும். விண்டோஸ் தொடங்காவிட்டால், நிறுவாமலே இயங்கும் லைவ் லினக்ஸ் வட்டைப் போட்டு நகல் எடுக்கலாம்.
- வன்தட்டில் எத்தனை பிரிவுகள், ஒவ்வொன்றின் அளவு என்ன, எதில் என்ன இருக்கிறது என்பதைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். நிறுவல் திரையில் சி, டி என்ற எழுத்துகள் மாறித் தெரியக்கூடும், அளவு மாறாது.
- பயாஸ் அமைப்பில் எதையேனும் மாற்றுமுன் அந்தத் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது.
- ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்ய வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

முதல் படி: வட்டிலிருந்து தொடங்கவே இல்லை

பட்டியல் திரையே வராமல் பழைய விண்டோஸ் திறந்தாலோ கருந்திரை நின்றாலோ, சிக்கல் பயாஸிலோ வட்டிலோ டிரைவிலோ இருக்கிறது. வட்டில் உள்ள இயங்குதளத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

தொடக்க வரிசையில் டிவிடி டிரைவ் முதலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய மேசைக் கணினிகளில் தாய்ப்பலகையின் சிஆர்2032 மின்கலம் தீர்ந்துபோனால், மின்சாரம் நின்றதும் தொடக்க வரிசையும் தேதியும் அழிந்துவிடும். ‘சிமாஸ் செக்சம் எரர்’ என்ற செய்தி இதன் அடையாளம். வட்டைக் குறை சொல்லுமுன் அந்த மின்கலத்தை மாற்ற வேண்டும்.

குறுவட்டு மட்டும் படிக்கும் டிரைவில் டிவிடி இயங்காது. பல்தொடக்க வட்டுகள் 700 எம்பி அளவைத் தாண்டி 4.7 ஜிபி டிவிடிகளில் எழுதப்படுவதால், விண்டோஸ் 98 காலத்துக் கணினிகளில் இது அடிக்கடி நேர்கிறது. மேலும், அழித்து எழுதும் வட்டுகள் ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்புபவை. பல பழைய டிரைவ்களால் அவற்றைப் படிக்க முடியாது. ஒருமுறை மட்டும் எழுதும் வட்டே பாதுகாப்பு. அதையும் வெயில் படாமல் வைக்க வேண்டும். எழுதும் வட்டின் சாயம் ஒளியில் மங்கும்.

ஐஎஸ்ஓ கோப்பைச் சாதாரணக் கோப்பாக வட்டில் நகலெடுப்பது மாணவர்களிடம் அடிக்கடி காணப்படும் தவறு. வட்டைத் திறந்தால் ஒரே ஓர் ஐஎஸ்ஓ கோப்பு மட்டும் தெரிந்தால் அது தவறாக எழுதப்பட்ட வட்டு. எழுதும் மென்பொருளில் படிமத்தை எழுதுவதற்குரிய வசதியைத் தேர்ந்தெடுத்து, குறைந்த வேகத்தில் எழுதி, முடிவில் சரிபார்க்கவும் சொல்ல வேண்டும்.

கணினி யூஇஎஃப்ஐ வகையானால் செக்யூர் பூட்டை நிறுத்தி, சிஎஸ்எம் அல்லது லெகசி எனப்படும் பழைய முறையை இயக்க வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பியும் அதற்கு முந்தியவையும் பழைய பயாஸ் முறையையே எதிர்பார்ப்பவை. சிஎஸ்எம் அறவே இல்லாத புதிய கணினிகளில் இவற்றை நேரடியாக நிறுவ முயல்வது வீண்.

இரண்டாம் படி: பட்டியல் வருகிறது, தேர்வு செய்தால் நிற்கிறது

இங்கே பயாஸும் டிரைவும் சரியாக உள்ளன. குறை வட்டைத் தயாரித்த முறையில் இருக்க வாய்ப்பு அதிகம்.

‘குட் நாட் ஃபைண்ட் கெர்னல் இமேஜ்’ என்று வந்தால், பட்டியல் கோப்பில் எழுதிய பாதையும் வட்டில் உள்ள பெயரும் பொருந்தவில்லை. ஐஎஸ்ஓ 9660 முறையின் முதல் நிலையில் கோப்புப் பெயர் எட்டு எழுத்து, பின்னொட்டு மூன்று எழுத்து என்ற வரம்பு உண்டு. நீளமான பெயர்கள் எழுதும்போது வெட்டப்பட்டிருக்கலாம். மேலும் ஐஎஸ்ஓலினக்ஸ் பின்னொட்டைப் பார்த்தே கோப்பின் வகையை முடிவு செய்கிறது. விண்டோஸின் தொடக்கப் பகுதிக் கோப்புக்குப் பிஐஎன் என்ற பின்னொட்டு இல்லாவிட்டால் அதை லினக்ஸ் கெர்னல் என்று எண்ணித் திறக்க முயன்று தோற்கும்.

‘சிடிபூட்: குட் நாட் ஃபைண்ட் என்டிஎல்டிஆர்’ என்ற செய்தி விண்டோஸ் 2000, எக்ஸ்பி வட்டுகளுக்கே உரியது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, ஐஎஸ்ஓ 9660 முறைப்படி கோப்புப் பெயரின் ஈற்றில் அரைப்புள்ளியும் 1 என்ற பதிப்பு எண்ணும் சேர்க்கப்படுவது. மைக்ரோசாஃப்ட்டின் தொடக்க நிரல் அந்த எண் இல்லாத பெயரையே தேடும். வட்டுப் படிமம் உருவாக்கும்போது பதிப்பு எண்ணைத் தவிர்க்கச் சொன்னால் இது தீரும். இரண்டாவது, கோப்புறைப் பெயர் மாறியிருப்பது. இதைச் சற்று விரிவாகக் காண்போம்.

விண்டோஸ் 2000-உம் எக்ஸ்பியும் தம் நிறுவல் கோப்புகளை ஐ386 என்ற ஒரே பெயருள்ள கோப்புறையில் தேடுகின்றன. இரண்டையும் ஒரே வட்டில் வைத்தால் பெயர் மோதும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் நான்கு எழுத்தில் தனித்தனிப் பெயர் கொடுத்து, செட்அப்எல்டிஆர் என்ற தொடக்க நிரலுக்குள் ஹெக்ஸ் எடிட்டர் கொண்டு ஐ386 என்று உள்ள இடங்களில் அந்தப் பெயரை எழுதுவர். பெயர் நான்கு எழுத்தாகவே இருப்பதற்குக் காரணம், நிரலின் நீளம் மாறக் கூடாது என்பதே. ஐந்தெழுத்துப் பெயர் கொடுத்தால் நிரல் சிதையும். ஓர் இடத்தில் மாற்ற மறந்தால் மேற்கண்ட செய்தி வரும்.

மூன்றாம் படி: நிறுவல் தொடங்கிய பின் வட்டைக் கேட்கிறது

எக்ஸ்பி நிறுவலின் நீலத்திரை வந்து, உரிமத்தை ஏற்றதும் குறிப்பிட்ட பெயருள்ள வட்டைச் செருகச் சொல்லி நிற்பது பல்தொடக்க வட்டுகளில் நன்கு அறியப்பட்ட சிக்கல். சரியான வட்டு உள்ளேயே இருக்கும். என்டர் அழுத்தினால் மீண்டும் அதே செய்தி வரும்.

வட்டு சரியானதுதானா என்று விண்டோஸ் அறிவது அடையாளக் கோப்புகள் மூலம். எக்ஸ்பியில் வின்51 என்று தொடங்கும் சிறு கோப்புகளும், விண்டோஸ் 2000-இல் சிடிராம் என்று தொடங்கும் சிறு கோப்புகளும் இவ்வேலையைச் செய்கின்றன. மூல வட்டில் இவை எல்லாவற்றுக்கும் மேலான ரூட் கோப்புறையில் இருக்கும். பல்தொடக்க வட்டில், டிஎக்ஸ்டிசெட்அப் என்ற அமைப்புக் கோப்பில் எழுதப்பட்ட மூலப் பாதை எதுவோ அந்தக் கோப்புறைக்குள் இவையும் இருக்க வேண்டும். பாதையை மாற்றியவர் அடையாளக் கோப்புகளை நகர்த்த மறந்தால் இந்தச் செய்தி வரும். சர்வீஸ் பேக் சேர்த்த வட்டில் அதற்குரிய கூடுதல் அடையாளக் கோப்பும் தேவை.

கோப்புகளை நகலெடுக்கும்போது ‘செட்அப் கேனாட் காப்பி த ஃபைல்’ என்று வந்தால் கோப்பின் பெயரைக் குறித்துக்கொண்டு மறுபடி முயல வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே கோப்பில் நின்றால் குறை பெரும்பாலும் வட்டில். ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோப்பில் நின்றால் நினைவகம், கேபிள், டிரைவ் ஆகியவற்றை ஐயுற வேண்டும். நினைவகத்தை மெம்டெஸ்ட்86+ கொண்டு சோதிக்கலாம்.

நான்காம் படி: வன்தட்டைக் காணவில்லை அல்லது நீலத்திரைப் பிழை

எக்ஸ்பி நிறுவலில் வன்தட்டு எதுவும் கிடைக்கவில்லை என்ற செய்தியோ, 7பி என்று முடியும் நிறுத்தக் குறியீட்டோடு நீலத்திரையோ வந்தால் வன்தட்டு கெட்டுவிட்டது என்று பொருளில்லை. சாட்டா வன்தட்டுகள் ஏஎச்சிஐ என்ற முறையில் இயங்குகின்றன. அதற்கான டிரைவர் எக்ஸ்பி வட்டில் இல்லை.

தீர்வுகள் மூன்று. பயாஸில் சாட்டா முறையை ஐடிஇ அல்லது கம்பாட்டிபிள் என்று மாற்றலாம். நிறுவலின் தொடக்கத்தில் எஃப்6 அழுத்தி நெகிழ்வட்டிலிருந்து டிரைவரைக் கொடுக்கலாம். என்லைட் போன்ற மென்பொருளால் டிரைவரை வட்டிலேயே சேர்க்கலாம். முதல் வழி எளிது என்றாலும் இரட்டைத் தொடக்கக் கணினிகளில் ஓர் இடர் உண்டு. அதே கணினியில் ஏஎச்சிஐ முறையில் நிறுவிய விண்டோஸ் 7 இருந்தால், ஐடிஇ-க்கு மாற்றியதும் அது அதே 7பி நீலத்திரையோடு நின்றுவிடும். பழைய முறைக்குத் திருப்பினால் மீண்டும் இயங்கும். இரண்டும் வேண்டுமென்றால் டிரைவரை வட்டில் சேர்ப்பதே நிலையான வழி.

ஏ5 என்று முடியும் குறியீடு, கணினியின் மின் மேலாண்மை முறையான ஏசிபிஐ-க்கும் எக்ஸ்பிக்கும் ஒத்துப்போகவில்லை என்பதைக் காட்டும். எஃப்6 அழுத்தச் சொல்லும் வரி வரும் நேரத்தில் எஃப்7 அழுத்தினால் ஏசிபிஐ இல்லாமல் நிறுவல் தொடரும்.

137 ஜிபி வரம்பு

இங்கே பிழைச்செய்தியே இல்லாமல் கோப்புகளை அழிக்கக்கூடிய ஒரு சிக்கலையும் குறிப்பிட வேண்டும். பழைய ஐடிஇ முறையில் வன்தட்டின் பகுதிகளை எண்ண 28 பிட் மட்டுமே பயன்பட்டது. 2-இன் 28-ஆம் அடுக்கை 512 பைட்டால் பெருக்கினால் சுமார் 137 ஜிபி வரும். விண்டோஸ் 98-உம் சர்வீஸ் பேக் சேராத முதல் எக்ஸ்பியும் இந்த வரம்புக்கு உட்பட்டவை. பெரிய வன்தட்டில் அந்த எல்லையைத் தாண்டி எழுத நேர்ந்தால், எழுதுவது வன்தட்டின் தொடக்கப் பகுதியிலேயே போய் விழுந்து அங்கிருப்பவற்றைக் கெடுக்கலாம். ஆகவே எக்ஸ்பியை சர்வீஸ் பேக் 1 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு சேர்ந்த வட்டிலிருந்தே நிறுவ வேண்டும். சர்வீஸ் பேக் 3 சிறந்தது. விண்டோஸ் 98-க்கு 137 ஜிபிக்குக் குறைந்த தனி வன்தட்டைப் பயன்படுத்துவதே நல்லது.

விண்டோஸ் 98: தனிச் சிக்கல்கள்

விண்டோஸ் 98 நிறுவல் டாஸ் சூழலில் தொடங்குகிறது. வட்டில் உள்ள நெகிழ்வட்டுப் படிமம் முதலில் ஏறி, அதிலுள்ள ஓக்சிடிராம் என்ற டிரைவர் குறுவட்டு டிரைவைத் தேடும். அது ஐடிஇ டிரைவ்களுக்காக எழுதப்பட்டது. சாட்டா டிரைவ் உள்ள கணினியில், டிரைவர் கிடைக்கவில்லை, எம்எஸ்சிடி001 இல்லை என்ற பொருளில் செய்தி வந்து நிற்கும்.

இதற்கு நம்பகமான வழி, வன்தட்டில் ஃபேட்32 பிரிவு ஒன்றை உருவாக்கி, வேறொரு கணினியின் உதவியோடு வின்98 கோப்புறையை முழுதாக அதில் நகலெடுத்து, டாஸிலிருந்து நேரடியாக நிறுவலை இயக்குவது. கோப்புறையின் அளவு 200 எம்பிக்கும் குறைவே. நகலெடுக்குமுன் ஸ்மார்ட்டிரைவ் நிரலை இயக்கினால் வேகம் பல மடங்கு கூடும். நிறுவிய பிறகும் கோப்புறையை அங்கேயே விட்டுவைத்தால், பிறகு டிரைவர் சேர்க்கும்போது விண்டோஸ் வட்டைக் கேட்காது.

நினைவகம் 512 எம்பிக்கு மேல் இருந்தால் போதிய நினைவகம் இல்லை என்று விண்டோஸ் 98 தவறாகச் சொல்லக்கூடும். நினைவகம் மிகுந்திருப்பதே உண்மைக் காரணம். கூடுதல் நினைவகத் தகட்டைக் கழற்றிவிட்டு நிறுவலாம். அல்லது சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பின் விகேஷ் பகுதியில் மேக்ஸ்ஃபைல்கேஷ் அளவுக்கு வரம்பு வைக்கலாம். எஃப்டிஸ்க் நிரலின் பழைய பதிப்பு 64 ஜிபிக்கு மேற்பட்ட வன்தட்டின் அளவைத் தவறாகக் காட்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

விண்டோஸ் 7: யூஎஸ்பி 3.0 சிக்கல்

பென் டிரைவிலிருந்து விண்டோஸ் 7 நிறுவும்போது, டிவிடி டிரைவின் டிரைவர் இல்லை என்று செய்தி வந்தால் அந்தச் சொற்களை அப்படியே நம்ப வேண்டாம். விண்டோஸ் 7 வட்டில் யூஎஸ்பி 3.0 டிரைவர் இல்லை. நீல நிறப் போர்ட்டில் செருகிய பென் டிரைவை அதனால் காண முடிவதில்லை. கணினியில் யூஎஸ்பி 2.0 போர்ட் இருந்தால் பென் டிரைவை அதற்கு மாற்றிச் செருகினாலே பல நேரங்களில் தீர்ந்துவிடும். 2015-இல் வந்த இன்டெல் ஸ்கைலேக் முதல் பழைய யூஎஸ்பி 2.0 கட்டுப்பாட்டுச் சில்லு நீக்கப்பட்டதால், அக்கணினிகளில் யூஎஸ்பி விசைப்பலகையும் மௌஸும்கூட நிறுவலின்போது இயங்குவதில்லை. டிரைவரை முன்கூட்டியே படிமத்தில் சேர்ப்பதே வழி.

நிறுவிய பின்: மற்ற இயங்குதளம் காணாமற்போவது

வட்டு நன்றாக வேலை செய்து, நிறுவலும் முடிந்த பிறகு, முன்பிருந்த இயங்குதளம் பட்டியலில் இல்லாமற்போவது உண்டு. அது பெரும்பாலும் அழிவதில்லை. வன்தட்டின் தொடக்கப் பகுதியில் புதிய பூட் லோடர் எழுதப்பட்டதால், பழையதற்குச் செல்லும் வழி மட்டும் மறைந்திருக்கும்.

பிந்திய இயங்குதளத்துக்கு முந்தியதைத் தெரியும். முந்தியதற்குப் பிந்தியதைத் தெரியாது. ஆகவே பழையதை முதலில், புதியதைப் பின்னர் நிறுவுவது விதி. விண்டோஸ் 98, விண்டோஸ் 2000, எக்ஸ்பி, விண்டோஸ் 7, லினக்ஸ் என்ற வரிசை பாதுகாப்பானது. எம்பிஆர் முறையில் நான்கு முதன்மைப் பிரிவுகளே இருக்க முடியும் என்பதால் பிரிவுகளை முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

வரிசை மாறிவிட்டால் செய்ய வேண்டியவை:

- விண்டோஸ் 7 இருந்த கணினியில் பிறகு எக்ஸ்பி நிறுவியதால் 7 மறைந்திருந்தால், விண்டோஸ் 7 வட்டில் தொடங்கி, ரிப்பேர் பகுதியில் ஸ்டார்ட்அப் ரிப்பேரை இயக்க வேண்டும். பின்னர் எக்ஸ்பியைப் பட்டியலில் சேர்க்கலாம்.
- விண்டோஸை மறுபடி நிறுவியதால் பாஸ் போன்ற லினக்ஸ் மறைந்திருந்தால், லைவ் லினக்ஸ் வட்டில் தொடங்கி, கிரப் பூட் லோடரை மட்டும் மீண்டும் எழுத வேண்டும்.
- இடம் வேண்டும் என்று விண்டோஸுக்குள்ளிருந்து லினக்ஸ் பிரிவை அழித்தால், அடுத்த முறை ‘கிரப் ரெஸ்கியூ’ என்ற வரியோடு கணினி நிற்கும். கிரப்பின் கோப்புகள் அந்தப் பிரிவில் இருந்ததே காரணம். விண்டோஸ் கோப்புகளுக்கு இதனால் சேதமில்லை. விண்டோஸ் 7 வட்டின் கட்டளைத் திரையில் பூட்ரெக் நிரலை ஃபிக்ஸ்எம்பிஆர் என்ற தேர்வோடு இயக்கினால் பழைய எம்பிஆர் கணினிகளில் விண்டோஸ் நேரடியாகத் திறக்கும். யூஎஃப்ஐ கணினிகளில் தொடக்கப் பட்டியலில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்தாலே பெரும்பாலும் போதும்.

இரட்டைத் தொடக்கக் கணினிகளில் ஓர் இயங்குதளத்தை ஹைபர்னேட் நிலையில் விட்டு, மற்றதிலிருந்து அதன் பிரிவில் எழுதக் கூடாது. திரும்பி வரும்போது கோப்பு முறைமை குழம்பும். விண்டோஸ் 7-இன் பிரிவை எக்ஸ்பி காண நேர்ந்தால், 7 சேமித்து வைத்த மீட்புப் புள்ளிகளை அது அழித்துவிடும் என்பதும் அறியத்தக்கது.

சுருக்கப் பட்டியல்

- பட்டியல் திரையே இல்லை: தொடக்க வரிசை, சிமாஸ் மின்கலம், வட்டு வகை, எழுதிய முறை
- கெர்னல் இமேஜ் இல்லை: பட்டியல் கோப்பின் பாதை, பின்னொட்டு
- சிடிபூட், என்டிஎல்டிஆர் இல்லை: கோப்புறைப் பெயர், பதிப்பு எண்
- வட்டைச் செருகச் சொல்கிறது: அடையாளக் கோப்புகள், மூலப் பாதை
- 7பி நீலத்திரை: ஏஎச்சிஐ டிரைவர்
- ஏ5 நீலத்திரை: ஏசிபிஐ, எஃப்7 விசை
- எம்எஸ்சிடி001 இல்லை: சாட்டா டிரைவ், கோப்புறையை வன்தட்டுக்கு நகலெடுத்தல்
- விண்டோஸ் 7-இல் டிவிடி டிரைவர் இல்லை: யூஎஸ்பி 3.0
- கிரப் ரெஸ்கியூ: அழிக்கப்பட்ட லினக்ஸ் பிரிவு

மாற்று வழிகள்

பழைய இயங்குதளத்தை நேரடியாக வன்தட்டில் நிறுவுவது எப்போதும் தேவையில்லை. பழைய எழுத்துருவில் உள்ள தமிழ் உரையைப் படிப்பது மட்டும் நோக்கம் என்றால், என்எச்எம் கன்வெர்ட்டர், சுரதா ஆகிய மாற்றிகளைக் கொண்டு இன்றைய கணினியிலேயே ஒருங்குறிக்கு மாற்றலாம். பழைய மென்பொருளே தேவை என்றால், விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மெய்நிகர் கணினி மென்பொருளுக்குள் எக்ஸ்பியை நிறுவலாம். அதற்குள் என்ன நேர்ந்தாலும் உண்மையான வன்தட்டுக்குத் தீங்கில்லை. புதிதாகத் தயாரித்த பல்தொடக்க வட்டின் பட்டியலையும் கோப்புறைப் பாதைகளையும் எழுதுமுன் இங்கேயே சோதித்துவிடலாம். பிரின்டர் போர்ட் டாங்கிள் போன்ற வன்பொருள் பூட்டு உள்ள மென்பொருளுக்கே பெரும்பாலும் உண்மையான பழைய கணினி தேவைப்படும்.

புதிய இயங்குதளங்களுக்கு வட்டை விடப் பென் டிரைவ் எளிது. 2020-இல் வெளிவந்த வென்டாய், ஐஎஸ்ஓ கோப்புகளைப் பென் டிரைவில் நகலெடுத்தாலே பட்டியலில் காட்டுகிறது. விண்டோஸ் 7-உம் பிந்தியவையும் பெரும்பாலான லினக்ஸ் வெளியீடுகளும் இதில் இயங்கும்.

உரிமமும் பாதுகாப்பும்

பல்தொடக்க வட்டு தயாரிப்பது ஒரு தொழில்நுட்ப முறை மட்டுமே. அதிலுள்ள ஒவ்வொரு விண்டோஸுக்கும் தனித்தனி உரிமம் தேவை. உரிமக் குறியீடு கேட்காதவாறு மாற்றி விற்கப்படும் வட்டுகளில் தீநிரல்களும் கலந்திருக்கலாம். மூல வட்டிலிருந்து எடுத்த படிமத்தின் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.

விண்டோஸ் 98-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2006 ஜூலை 11-லும், விண்டோஸ் 2000-க்கு 2010 ஜூலை 13-லும், எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-லும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும் நிறுத்தியது. இவற்றுக்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வாரா. ஆகவே இவற்றை நிறுவிய கணினியை இணையத்தில் இணைக்காமல், பழைய கோப்புகளைத் திறந்து இன்றைய வடிவத்துக்கு மாற்றும் அளவுக்கே பயன்படுத்துவது நலம். மாற்றிய கோப்புகளுக்கு இரண்டு நகல்களாவது வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டும்.